இல்லாத தடிப்பைத் திருத்திய ஆட்டோலெவலர்: ஒரு டிரா பிரேம் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடம் பக்கம் உள்ள ஒரு நூற்பாலை. பின்னலாடைக்கான கோம்டு ஹொசைரி நூல்தான் பிரதானம், 30ம் 40ம் கவுண்ட் (நூலின் மெலிவைச் சொல்லும் எண்). நூலில் பெரும்பகுதி திருப்பூர் நிட்டிங்காரர்களுக்குப் போகிறது. ஆலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வராது.

பிரச்சினை வந்தது இரண்டு டெலிவரி (ஸ்லைவர் வெளிவரும் பக்கம்) கொண்ட ஒரு பழைய ஃபினிஷர் டிரா பிரேமில். ஸ்லைவர் என்பது முறுக்காத பஞ்சுக் கயிறு. பல ஸ்லைவர்களைச் சேர்த்து இழுத்துச் சீராக்கும் மெஷின்தான் டிரா பிரேம். பஞ்சைச் சீவும் கோம்பரிலிருந்து வரும் எட்டு ஸ்லைவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, டங் அண்ட் க்ரூவ் என்ற ஜோடி ஸ்கேனிங் ரோலருக்கு இடையில் நுழைகின்றன. அங்கே தடிப்பு கூடினால் மேல் ரோலர் சற்று எழும்பும், குறைந்தால் இறங்கும். அந்த அசைவை எல்.வி.டி.டி. என்ற நகர்வு அளக்கும் சென்சார் அளக்கிறது. அளந்த துண்டு டிராஃப்டிங் புள்ளிக்கு, அதாவது ஸ்லைவர் இழுபட்டு மெலியும் இடத்துக்கு, வந்து சேரும் வரை தடிப்பைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோலெவலர் காத்திருந்து, பிறகு சர்வோ மோட்டாரின் வேகத்தை மாற்றி டிராஃப்டை (இழுத்து நீட்டும் மடங்கை) கூட்டும் அல்லது குறைக்கும். ஸ்லைவர் வெளியே வரும் பக்கத்தில் திரும்பவும் அளந்து சரிபார்க்கிற ஏற்பாடு இந்த மெஷினில் கிடையாது. சென்சார் சொன்னது பொய்யானால் அந்தப் பொய் அப்படியே ஸ்லைவரில் ஏறிவிடும். ஃபினிஷருக்குப் பிறகு டப்ளிங்கும் (பல ஸ்லைவர்களை ஒன்றுசேர்ப்பது) இல்லை, எனவே கலந்து கரைந்துபோக வழியே இல்லை.

எல்.வி.டி.டி. தானாக வோல்ட் தராது. நடுவில் ஒரு பிரைமரி காயில், இரு பக்கமும் எதிரெதிராக இணைத்த இரண்டு செகண்டரி காயில்கள், உள்ளே நகரும் ஒரு இரும்புக் கோர். பிரைமரிக்கு சில கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஊட்ட வேண்டும். கோர் நடுவில் இருந்தால் வெளியீடு ஏறத்தாழ பூஜ்ஜியம். ஒரு பக்கம் நகர்ந்தால் அலையின் உயரம் கூடும், மறுபக்கம் போனால் ஃபேஸ் 180 டிகிரி திரும்பிவிடும். உயரத்தையும் ஃபேஸையும் சேர்த்துப் படித்து, இத்தனை மில்லிமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று டி.சி.யாக மாற்றித் தருவதுதான் சிக்னல் கண்டிஷனர் போர்டின் வேலை. அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், ஃபேஸ் பார்த்து அதை டி.சி.யாக்கும் டிமாடுலேட்டர், மெதுவான மாற்றங்களை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர், கடைசியில் ஜீரோவையும் கெயினையும் (பெருக்கத்தையும்) திருகி வைக்கும் பிரிசெட்டுகள். சுழற்சியை அளக்கும் ஆர்.வி.டி.டி.க்கும் இதே போர்டுதான். அது பெரும்பாலும் பிளஸ் மைனஸ் 40 டிகிரிக்குள் நேர்கோட்டில் வேலை செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷினோடு வந்த ஒரிஜினல் போர்டில் இரண்டு சேனலும் ஒரே ஆசிலேட்டரில் ஓடின. அந்த போர்டு பழுதானபோது மாற்று போர்டு கிடைக்கவில்லை, தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கோவையில் இந்த வேலை தெரிந்த ஒரு பட்டறை, டெலிவரிக்கு ஒன்றாக இரண்டு தனி போர்டுகள் செய்து கொடுத்தது. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. இரண்டு சென்சார் கேபிளும் ஒரே ஃபிளெக்ஸிபிள் குழாய்க்குள் இழுக்கப்பட்டன. புதிய போர்டின் கனெக்டரில் ஷீல்டுக்கென்று (அந்நிய சிக்னலைத் தடுக்கும் கேபிள் உறைக்கென்று) தனி முனை இல்லாததால் ஷீல்டு கம்பியை வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

முதலில் தெரிந்தது

ஆயுத பூஜை விடுமுறையில் மெஷினை முழுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். டாப் ரோலர் மேலுள்ள ரப்பர் உறையான காட்ஸ் பஃபிங் ஆனது (தேய்த்துச் சமன்செய்யப்பட்டது), பேரிங் சில மாறின, டைமிங் பெல்ட் ஒன்று மாறியது. பட்டறையிலிருந்து ஒருவர் வந்து ஆட்டோலெவலரைச் சரிபார்த்துவிட்டுப் போனார். லாக் புத்தகத்தில் அதற்கு ஒரே வரி: "ஆட்டோலெவலர் காலிபரேஷன் ஓகே."

விடுமுறை முடிந்து ஓட்டத் தொடங்கிய பிறகு, டெஸ்டிங் லேபில் டெலிவரி ஒன்றின் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நீளத்துக்கு ஒருமுறை தடிப்பு ஏறி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம்) ஏறத்தாழ 1 மீட்டர் அலைநீளத்தில் ஒரு சிம்னி, அதாவது தனித்து உயர்ந்த முனை, நின்றது. மொத்தச் சீரின்மையைச் சொல்லும் யு சதவீதம் 2.1லிருந்து 2.3க்குத்தான் ஏறியிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சீரான இடைவெளியில் வரும் குறை யு சதவீதத்தை அதிகம் அசைக்காது, பொதுவான ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். லேப் பெண் ஊழியர் ஸ்பெக்ட்ரோகிராம் தாளையும் பார்க்கிற பழக்கம் உள்ளவர் என்பதால்தான் அன்றே தெரிந்தது.

ஸ்லைவரில் 1 மீட்டர் என்பது நூலில் சின்ன விஷயம் இல்லை. அடுத்து வரும் ஸ்பீட் பிரேமில் டிராஃப்ட் 10, நூல் நூற்கும் ரிங் பிரேமில் 28 என்று வைத்தால் நூலில் அது 280 மீட்டராக நீளும். அதாவது 140 மீட்டர் சற்றுத் தடிப்பாக, அடுத்த 140 மீட்டர் சற்று மெலிவாக. 120 கெஜ நூலை (ஒரு லீ) எடுத்து கவுண்ட் பார்க்கும்போது சில லீ முழுக்கத் தடித்த பகுதியிலும் சில முழுக்க மெலிந்த பகுதியிலும் விழும். கவுண்டின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் கவுண்ட் சி.வி. 1.2லிருந்து 1.5க்கு ஏறியது அப்படித்தான். நிட்டிங்காரர் ஒருவரிடமிருந்தும் பேச்சு வந்தது: துணியில் ஒரு மங்கலான கோடு, ஒரே ஃபீடரில் (நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் இடம்) கொஞ்ச தூரம் வந்து தானே மறைகிறது, திரும்ப வருகிறது.

காட்ஸ் மீது விழுந்த சந்தேகம்

ஸ்பின்னிங் மாஸ்டர் எடுத்த முதல் முடிவு நியாயமானது. பின் டாப் ரோலர் விட்டம் 38 மி.மீ., சுற்றளவு 119 மி.மீ. மொத்த டிராஃப்ட் 8.2. பெருக்கினால் 98 செ.மீ. சிம்னி நிற்கிற இடமும் அதுவே. பஃபிங் ஆனதும் விடுமுறையில்தான். கணக்கு இத்தனை அழகாகப் பொருந்தும்போது யாருக்கும் வேறு எங்கும் தேடத் தோன்றாது. காட்ஸ் மாற்றினார்கள். சிம்னி அசையவில்லை. பேரிங் மாற்றினார்கள், அப்படியே நின்றது. ஸ்பெக்ட்ரோகிராமின் அலைநீள அச்சு மடக்கை அளவில் போவதால் 98 செ.மீ.யையும் 1 மீட்டரையும் அதில் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் தற்செயலான ஒற்றுமைதான் அதிக நாளைத் தின்றது.

பிறகு ஆட்டோலெவலரை ஆஃப் செய்து ஓட்டினார்கள். நீண்ட தூர வேறுபாடு கூடியது, ஆனால் சிம்னி காணாமல் போனது. குறை ரோலர்களில் இல்லை என்பது இங்கே தெளிவாகிவிட்டது. சர்வோ மோட்டார் மீது சந்தேகம் விழுந்தது. டெலிவரி இரண்டின் மோட்டாரையும் டிரைவையும் ஒன்றுக்கு மாற்றிப் போட்டும் பலன் இல்லை. டெலிவரி ஒன்றின் எல்.வி.டி.டி.யையும் மாற்றினார்கள். அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆலைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்ப்பது என் தொழில்.

நான் போனபோது மெயின்டனன்ஸ் ஃபிட்டர் சொன்ன ஒரு தகவல் முக்கியமானது. "பக்கத்து டெலிவரிய நிறுத்திப்போட்டும் ஓட்டிப் பாத்தாச்சுங்ணா. அப்பவும் வருதுங்க. அதனால அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க." அவர் சோதித்தது சரி, எடுத்த முடிவுதான் தவறு. டெலிவரியை நிறுத்தினால் மோட்டார் நிற்கும், கேபினெட்டுக்குள் போர்டுக்குப் போகும் சப்ளை நிற்காது. ஆசிலேட்டர் தன்பாட்டுக்கு சென்சாருக்கு அலையை ஊட்டிக்கொண்டேதான் இருக்கும்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தது

லேபில் பழைய தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பகல் ஷிப்ட் மாதிரிகளில் சிம்னி 1 மீட்டரில் இருந்தது. இரவு ஷிப்ட் மாதிரிகளில் 1.6 மீட்டரை ஒட்டி இருந்தது. மாதிரி எடுத்ததில் வந்த வேறுபாடு என்று அதை ஒதுக்கியிருந்தார்கள். ரோலரில் கோளாறு என்றால் இரவானாலும் பகலானாலும் அதன் சுற்றளவு மாறாது.

ஆகவே முதலில் கேட்டது போர்டை அல்ல, மெஷினின் வேகத்தை மாற்றித் தரும்படி. நிமிடத்துக்கு 480 மீட்டரில் ஒரு கேன் (ஸ்லைவர் நிரப்பும் டப்பா), 360 மீட்டரில் ஒரு கேன், இரண்டும் ஒரே மதியத்தில். 480ல் சிம்னி 1 மீட்டர். 360ல் அது 75 செ.மீ.க்கு இறங்கியது.

மெஷினோடு சேர்ந்து சுழலும் எந்தப் பாகத்தால் குறை வந்தாலும் அதன் அலைநீளம் வேகத்தோடு மாறாது. ரோலர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்லைவர் எவ்வளவு போகும் என்பது கியரும் டிராஃப்டும் தீர்மானிக்கிற விஷயம், மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அதேதான். அலைநீளம் வேகத்துக்கு ஏற்பச் சுருங்கினால் குறையின் மூலம் நேரத்தில் இருக்கிறது என்று பொருள். 480 என்பது நொடிக்கு 8 மீட்டர், 360 என்பது 6 மீட்டர். வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் இரண்டிலும் ஒரே விடை: 8 ஹெர்ட்ஸ். இரவில் 1.6 மீட்டர் என்றால் 5 ஹெர்ட்ஸ். நொடிக்கு எட்டு முறை, குளிர்ந்தால் ஐந்து முறை துடிக்கிற ஏதோ ஒன்று மின்சாரப் பக்கம் இருக்கிறது. ஒரு சாமானும் வாங்காமல், இரண்டு கேன் ஸ்லைவரில் கிடைத்த விடை இது. காட்ஸ் கணக்குப் போடுகிற அன்றே இதையும் செய்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலான ஆலைகளில் உற்பத்தி வேகத்தைத் தொடவே விடமாட்டார்கள்.

போர்டைத் திறந்தபோது

மெஷினை நிறுத்தி, ஸ்கேனிங் ரோலர்களுக்கு இடையில் 5 மி.மீ. ஃபீலர் துண்டு (தடிப்பு அளவுத் தகடு) ஒன்றைச் செருகினோம். ரோலர் அசையாது, எனவே போர்டின் வெளியீடும் நேர்கோடாக நிற்க வேண்டும். ஆசிலாஸ்கோப்பை டி.சி.யில் வைத்தால் கோடு நேராகத்தான் தெரிந்தது. ஏ.சி. கப்ளிங்குக்கு மாற்றி, ஒரு கட்டத்துக்கு 100 மில்லிவோல்ட் என்று வைத்ததும் அலை தெரிந்தது. மெதுவான, வழவழப்பான சைன் அலை, உச்சியிலிருந்து அடி வரை சுமார் 0.33 வோல்ட், நொடிக்கு எட்டு. இந்த போர்டில் 1 மி.மீ.க்கு 2 வோல்ட். அப்படியானால் அசையாத ரோலர் 0.16 மி.மீ. மேலும் கீழும் ஆடுவதாக போர்டு சொல்கிறது. 5 மி.மீ. தடிப்பில் அது மூன்று சதவீதத்துக்கு மேல்.

ஃபிட்டரிடம் டெலிவரி இரண்டின் போர்டு ஃபியூஸை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்த நொடியே அலை படுத்துவிட்டது. திரும்பப் போட்டதும் எழுந்தது. அவர் நம்பாமல் இன்னும் இரண்டு முறை எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

அதிர்வெண் கவுண்டரில் இரண்டு ஆசிலேட்டரையும் அளந்தோம். ஒன்று 5,003 ஹெர்ட்ஸ், மற்றது 4,995. வித்தியாசம் எட்டு. நடந்தது இதுதான்: ஷீல்டு இல்லாமல் ஒரே குழாயில் போன கேபிள்களில், டெலிவரி இரண்டின் பிரைமரி அலையில் ஒரு துளி டெலிவரி ஒன்றின் செகண்டரியில் கசிந்தது. 3 வோல்ட் அலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மில்லிவோல்ட் கசிந்தால் போதும், இந்த சென்சாரின் சிக்னலுக்கு அது பெரிது. டிமாடுலேட்டர் தன் அதிர்வெண்ணோடு அந்தக் கசிவைப் பெருக்கும்போது இரண்டின் வித்தியாசம் வெளியே வருகிறது. ஒத்தும் நாதஸ்வரமும் சுதியில் மயிரிழை விலகினால் காதில் அலை அலையாகக் கேட்கும் அல்லவா, அந்த பீட்தான் இது. போர்டின் லோ பாஸ் ஃபில்டர் 150 ஹெர்ட்ஸ் வரை விடும். 8 ஹெர்ட்ஸ் தாராளமாக நுழைந்துவிடும். அதை உண்மையான தடிப்பு என்று எடுத்துக்கொண்டு ஆட்டோலெவலர் இல்லாத தடிப்பை மெலிதாக்கியது, இல்லாத மெலிவைத் தடிப்பாக்கியது.

அப்படியானால் ஆயுத பூஜைக்கு முன் ஏன் வரவில்லை? கேபிளும் அப்போதே அப்படித்தான், ஷீல்டும் அப்போதே வெட்டுப்பட்டதுதான். பட்டறைக்காரரிடம் போனில் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. போர்டுகளைப் பொருத்திய காலத்தில் இரண்டு ஆசிலேட்டருக்கும் கிட்டத்தட்ட 400 ஹெர்ட்ஸ் இடைவெளி இருந்திருக்கிறது. கெப்பாசிட்டர்களின் டாலரன்ஸால் தானாக வந்த வித்தியாசம் அது. கசிவு இருந்தது, ஆனால் 400 ஹெர்ட்ஸ் பீட்டை ஃபில்டரும் குறைத்தது, மிச்சத்தை சர்வோவால் பின்தொடரவும் முடியவில்லை. விடுமுறைச் சர்வீஸில் அவருடைய ஆள், வரைபடத்தில் 5 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறதே என்று, இரண்டு பிரிசெட்டையும் கவுண்டர் பார்த்து மிகக் கவனமாகத் திருகி 5.00க்குக் கொண்டுவந்தார். அந்தக் கவனம்தான் பீட்டை ஃபில்டரின் வாசலுக்குள் இழுத்துவிட்டது. அசட்டையாக விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரவு பகல் வித்தியாசமும் இதில் விளங்கியது. ஆர்.சி. ஆசிலேட்டர்கள் வெப்பத்தில் நகரும், இரண்டும் ஒரே அளவில் நகராது. 5,000ல் மூன்று ஹெர்ட்ஸ் விலக கேபினெட்டுக்குள் சில டிகிரி மாறினாலே போதும்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒரு போர்டின் அதிர்வெண்ணைத் தள்ளி 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வைப்பது மிக எளிது, ஒரு கெப்பாசிட்டர் வேலை. ஸ்பின்னிங் மாஸ்டருக்கு அதுவே பிடித்திருந்தது, உடனே ஓட்டலாம் என்பதால். எனக்குச் சம்மதமில்லை. எல்.வி.டி.டி.யின் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே உள்ள ஃபேஸ் அதிர்வெண்ணோடு மாறும், கெயினும் மாறும். இரண்டு டெலிவரிக்கும் இரண்டு விதமான காலிபரேஷன் என்று ஆகிவிடும், அடுத்து வருகிறவர் திரும்பவும் "சரிசெய்து" 5.00க்குக் கொண்டுவருவார்.

இரண்டாவது, கேபிளைப் பிரித்து ஷீல்டைச் சரியாகக் கட்டுவது. அன்று இரவே அதைச் செய்தோம்: தனித்தனிக் குழாய், ஷீல்டு போர்டு பக்கம் மட்டும் காமனில், சென்சார் பக்கம் வெறுமனே. அலை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஆர்டர் ஓட அது போதுமாக இருந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை, கேபினெட்டுக்குள்ளேயே இரண்டு போர்டும் ஒட்டி நிற்கின்றன.

மூன்றாவது, ஒரிஜினல் போர்டு செய்ததையே செய்வது: இரண்டுக்கும் ஒரே ஆசிலேட்டர். பட்டறையின் போர்டில், ஒன்று மற்றதன் அலையைப் பின்பற்றச் செய்யும் மாஸ்டர் ஸ்லேவ் ஜம்பரும் சின்க் முனையும் ஏற்கெனவே இருந்தன, பயன்படுத்தப்படாமல் கிடந்தன. டெலிவரி ஒன்றை மாஸ்டராக வைத்து, சின்ன ஷீல்டு ஒயர் ஒன்றில் சின்க்கை இரண்டாவதற்குக் கொண்டுபோனோம். சின்க் செய்வதால் கசிவு நின்றுவிடாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கசிவு அப்படியே இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே அதிர்வெண் என்பதால் பீட்டாக ஆடாமல் அசையாத ஒரு ஆஃப்செட்டாக நின்றுவிடும். ஜீரோ பிரிசெட்டில் அதைக் கழித்துவிடலாம். ஆகவே சின்க் போட்ட பிறகு ஜீரோவைத் திரும்ப வைக்காமல் விடக்கூடாது. நாங்கள் வைத்தபோது இரண்டு டெலிவரியிலும் அது சில பத்து மில்லிவோல்ட் விலகியிருந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாஸ்டர் போர்டைக் கழற்றினால் டெலிவரி இரண்டின் சென்சாரும் செத்துவிடும், ஆட்டோலெவலர் அதை நடுநிலை என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்கும். சென்சாருக்கு ஊட்டும் அலை (எக்ஸைட்டேஷன்) போனால் மெஷினை நிறுத்தும் ரிலே ஒன்றைச் சேர்க்கும் வரை சின்க்கை நிரந்தரமாக்க மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் ஒப்பவில்லை. அவர் பிடிவாதம் சரியே. ரிலே பட்டறையிலிருந்து வந்து சேரும் வரை மெஷின் ஷீல்டு வேலையை நம்பியே ஓடியது.

பிறகு நடந்தது

சின்க்கும் ரிலேவும் போட்டபின் ஃபீலர் துண்டு வைத்துப் பார்த்ததில் 8 ஹெர்ட்ஸ் அலை முழுக்கப் போய்விட்டது. ஸ்பெக்ட்ரோகிராமில் சிம்னி இல்லை, யு சதவீதம் 2.1க்கும் கவுண்ட் சி.வி. 1.2க்கும் திரும்பின. இடைப்பட்ட காலத்தில் ஓடிய நூலைத் தனி லாட்டாகப் பிரித்து, பின்னலாடைக்கு அனுப்பாமல் வேறு வாங்குபவருக்கு விலை குறைத்துக் கொடுத்தார்கள். பணமாகப் பெரிய நட்டம் அங்கேதான், காட்ஸிலும் பேரிங்கிலும் அல்ல.

டெலிவரி இரண்டில் அதே பீட் ஏன் அத்தனை பெரிதாகத் தெரியவில்லை என்றும் பார்த்தோம். அங்கேயும் இருந்தது, சின்னதாக. கசிவு எந்தக் கேபிள் எந்தக் கேபிளை ஒட்டிப் போகிறது என்பதைப் பொறுத்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டியதில்லை. ஒரு டெலிவரியில் மட்டும் குறை வந்ததால்தான் எல்லாரும் அந்த டெலிவரியின் பாகங்களையே மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி மாறுபவை

ஆலை தன் பக்கத்தில் செய்த மாற்றங்கள் சில. ஸ்பெக்ட்ரோகிராமில் சிம்னி வந்தால், பாகம் கழற்றுவதற்கு முன் இரண்டு வேகத்தில் ஒரு கேன் எடுப்பது இப்போது கட்டாயம். ஷிப்ட் சூப்பர்வைசருக்கு அதற்கான அனுமதி எழுத்தில் உண்டு, மாஸ்டரைக் கேட்கவேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸுக்கு வருகிறவர் எந்தப் பிரிசெட்டைத் தொட்டார், தொடும் முன் அளவு என்ன, பின் என்ன என்று எழுதாமல் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கமாட்டார்கள். "ஓகே" என்ற ஒற்றைச் சொல்லுக்கு இனி இடமில்லை. பட்டறை, அடுத்த போர்டுகளில் ஷீல்டுக்குத் தனி முனை வைத்திருக்கிறது. ஆசிலேட்டர் பிரிசெட்டை சீல் பூசி மூடியும் அனுப்புகிறது. அதே குழுமத்தின், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பிரிவில், நூலின் இழுவையைக் காட்டும் டான்சர் கைகளில் இரண்டு ஆர்.வி.டி.டி. பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே போர்டுகள் முதல் நாளிலிருந்தே சின்க்கில்தான் இருந்தன என்று பார்த்து உறுதி செய்தார்கள்.

இதே வகையில் இன்னொரு டிரா பிரேம் ஆலையில் இருக்கிறது. அதன் இரண்டு போர்டுகளும் இன்னும் தனித்தனியே, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகி ஓடுகின்றன, ஸ்லைவரில் ஒரு குறையும் இல்லை. ஓடுகிற மெஷினைத் தொட வேண்டாம் என்பது ஸ்பின்னிங் மாஸ்டரின் வாதம். வெயில் காலத்தில் இடைவெளி எப்படிப் போகிறதென்று தெரியாமல் விடக்கூடாது என்பது என்னுடையது. இப்போதைக்கு வாரம் ஒருமுறை இரண்டு அதிர்வெண்ணையும் அளந்து எழுதுகிறார்கள். சின்க் வேலையை அடுத்த நீண்ட நிறுத்தத்துக்கு வைத்திருக்கிறார்கள்.